எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு: 729 அடிக் கப்பல் ஏரியில் மூழ்கியது எப்படி?

வடகாற்று:

1975 நவம்பர் 10 இரவு அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் பற்றிய விசாரணை முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1977இல், ஹாட்ச் (சரக்கறையின் மேல்திறப்பு) மூடிகள் சரியாக இறுக்கப்படாததால் தண்ணீர் புகுந்தது என்றது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1978இல், அலையின் எடையில் ஒரு மூடியே உள்ளே நொறுங்கியது என்றது. கப்பல் உரிமையாளர்கள் சங்கமோ கரிபு தீவை ஒட்டிய நீரடித் திட்டில் அடிப்பாகம் உரசியது என்கிறது.

இவற்றில் எது நிற்கும்? இன்னொன்றும் புரியவில்லை. பிற்பகல் சுமார் 3:30க்கே கப்பல் சாய்ந்திருப்பதாக கேப்டன் மெக்சார்லி ரேடியோவில் சொல்லிவிட்டார். இரவு 7:10க்கு "சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார். சில நிமிடங்களில் பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலின் ரேடாரில் அவர்கள் இல்லை. உதவி கேட்டு ஓர் அழைப்புகூட இல்லாமல் போனது எப்படி?

கலங்கரை:

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. சரக்கறைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் கேப்டனுக்கு வழியே இல்லை. எந்த முடிவை ஏற்றாலும் இது மாறாது.

ஏற்றியிருந்தது 26,116 டன் டாக்கனைட், அதாவது கோலிக்குண்டைவிடச் சிறிய இரும்புத்தாது உருண்டைகள். மேலே விழும் தண்ணீர் உருண்டைகளின் இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடும். சரக்கின் மேல்மட்டத்துக்கு மேலே தண்ணீர் வந்தால்தான் கண்ணில் படும். அதைப் பார்க்க வேண்டுமானால் அலை புரளும் திறந்த தளத்தில் நடந்து ஹாட்ச் வரை போக வேண்டும்; அன்றைய புயலில் அது நடக்காது. கப்பல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று உள்ளிருந்தபடி அறியும் கருவியும் இல்லை. தாது நிரம்பிய சரக்கறையிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றவே முடியாது என்பது 1978 அறிக்கையின் முடிவு. மெக்சார்லி "இரண்டு பம்புகளும் ஓடுகின்றன" என்றது பக்கவாட்டு நிலைநீர்த் தொட்டிகளை (கப்பலைச் சமநிலைப்படுத்த நீர் நிரப்பும் தொட்டிகள்) பற்றியதாகத்தான் இருக்க முடியும். அங்கே பம்ப் வேலை செய்ததால் நிலைமை கைமீறவில்லை என்று அவர் நம்பியிருக்கலாம்.

அடுத்தது தடுப்புச் சுவர்கள். சரக்கறையைப் பிரித்த இரண்டு சுவர்களும் நீர்புகாதவை அல்ல. ஓரிடத்தில் புகுந்த நீர் முழு நீளத்துக்கும் பரவும், கப்பல் முன்னால் சாயும்போது எல்லாம் முன்பக்கம் ஓடும். இரும்புத்தாது கனமான சரக்கு, எடை வரம்பைத் தொட்ட பிறகும் மேலே நிறைய இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடம் தண்ணீருக்குப் போய்விட்டது.

மூன்றாவது, என் பார்வையில் மன்னிக்க முடியாதது: நீர்மட்டத்திலிருந்து தளம் வரையுள்ள உயரம். குளிர்காலத்தில் அது குறைந்தது 14 அடி 9¼ அங்குலம் இருக்க வேண்டும் என்று வடிவமைத்த கப்பல் இது. 1969, 1971, 1973 ஆண்டுகளில் விதிகளைத் தளர்த்தி 11 அடி 6 அங்குலமாக்கினார்கள். ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் தாது ஏற்ற முடிந்தது. ஆண்டர்சன் அன்று மாலை சொன்ன அலை உயரம் 25 அடி வரை.

துடுப்பு:

கலங்கரை சொன்னதை ஏற்கிறேன். ஹாட்ச் மூடிகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் விஷயத்தில் கூடுதல் விவரம். மொத்தம் 21 ஹாட்ச்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எஃகுத் தகடு மூடி, கனம் 5/16 அங்குலம். சுற்றிலும் கையால் இறுக்கும் 68 கிளாம்ப்கள். ஆகக் கூட்டினால் 1,428. 1976 மே மாதம் நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் பல கிளாம்ப்கள் வளையாமல் இருந்தன. இறுக்கியிருந்தால் மூடி பிய்ந்தபோது அவையும் சிதைந்திருக்க வேண்டும் என்பது காவல்படையின் வாதம்.

ஆனால் ஒவ்வொரு கிளாம்புக்கும் தனித்தனியாகச் சரிசெய்யும் போல்ட் உண்டு. அது தளர்ந்திருந்தால் கிளாம்பை மடக்கிப் பூட்டினாலும் ரப்பர் பட்டை முழுதாக அழுந்தாது. ஆகவே கிளாம்ப் பூட்டியிருந்தது என்பதும் தண்ணீர் புகாது என்பதும் ஒன்றல்ல. மாலுமிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது அநியாயம்.

அதோடு ஹாட்ச் கசிவு கப்பலை ஒரு பக்கமாகச் சாய்க்காது, தண்ணீர் நடுவே விழுந்து பரவும். 3:30 மணித் தகவலில் மூன்று சேதங்கள் இருக்கின்றன: தளத்தோரக் கம்பி வேலி அறுந்தது, இரண்டு காற்றுக்குழாய்கள் போயின அல்லது உடைந்தன, கப்பல் சாய்ந்தது. சாய்வுக்குத் தொட்டிகளில்தான் காரணம் தேட வேண்டும். திட்டு வாதத்துக்கு வலு இங்கேதான். அடியில் முட்டிக் கப்பல் நடுவில் மேலே வளைந்தால், இழுவிசையில் வேலிக்கம்பி அறும். 1976 அளவீட்டில் அந்தத் திட்டு வரைபடத்தில் காட்டியதைவிட ஏறத்தாழ ஒரு மைல் கிழக்கே நீள்வதும் தெரியவந்தது. கப்பலில் மின்னணு ஆழமானி கிடையாது. ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறுதான்.

வடகாற்று:

அப்படியானால் திட்டில் உரசியதற்குத் தடயம் கிடைத்ததா? நீரின் மேலேயே இரண்டாக முறிந்தது என்றும் சிலர் சொல்கிறார்களே?

துடுப்பு:

தடயம் இல்லை. முக்குளிப்பவர்கள் திட்டில் தேடியும் புதிய உரசல் எதுவும் கிடைக்கவில்லை. கவிழ்ந்து கிடக்கும் பின்பகுதியின் அடித்தகட்டிலும் இல்லை. முன்பகுதியின் அடி சேற்றில் புதைந்திருப்பதால் அதைப் பார்க்க வழியில்லை. வாதம் தோற்கவில்லை, ஆனால் நிரூபணமும் இல்லை.

ஆழ்நீர்:

முறிவு பற்றி. 530 அடி ஆழத்தில் முன்பகுதி 276 அடி நிமிர்ந்தும், பின்பகுதி 253 அடி தலைகீழாகவும் கிடக்கின்றன. நடுவிலிருந்த 200 அடி சிதைந்து தாதுவோடு பரவிக் கிடக்கிறது. இரு துண்டுகளுக்கும் இடைவெளி சுமார் 170 அடி மட்டுமே.

இதை டேனியல் ஜே. மோரலோடு ஒப்பிடுங்கள். 1906இல் கட்டிய அந்தக் கப்பல் 1966 நவம்பர் 29 அன்று ஹியூரான் ஏரியில் நீரின் மேலேயே முறிந்தது. எஞ்சின் இருந்த பின்பகுதி ஓடிக்கொண்டே போய் சுமார் ஐந்து மைல் தள்ளித்தான் மூழ்கியது. 29 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு மேலே முறிந்திருந்தால் துண்டுகள் இவ்வளவு அருகருகே விழுந்திருப்பது கடினம். ஏற்கெனவே தாழ்ந்திருந்த முன்பக்கம் ஒரு பேரலையில் புகுந்து திரும்ப எழவில்லை; தாது முழுதும் முன்னே சரிந்தது; முழுக்கப்பலும் தலைகுப்புற இறங்கித் தரையில் மோதி உடைந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கப்பலின் நீளம் ஏரியின் ஆழத்தைவிட 199 அடி அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். அழைப்பு வராததற்கும் இதுவே விளக்கம்: ரேடியோவை எடுக்கக்கூட நேரம் இருந்திருக்காது.

எந்த உடலும் மீட்கப்படவில்லை. அந்தக் குளிரில் உடலுக்குள் பாக்டீரியா வாயுவை உண்டாக்காது, அதனால் உடல் மிதந்து மேலே வராது. கப்பலின் மணியை 1995 ஜூலை 4 அன்று மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக 29 பேரின் பெயர் பொறித்த மணியைக் கீழே வைத்தார்கள். மூல மணி இப்போது ஒயிட்ஃபிஷ் பாயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் கிடப்பது கனடா எல்லைக்குள், ஒன்டாரியோ அரசின் அனுமதி இல்லாமல் அங்கே மூழ்கிப் பார்க்க முடியாது.

கலங்கரை:

வடகாற்று, விபத்துக்குப் பின் என்ன மாறியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய கப்பல்களுக்கு ஆழமானி கட்டாயமானது. 1980 முதல் குளிர்தாங்கும் உயிர்காப்பு உடை ஒவ்வொரு மாலுமியின் அறையிலும் இருக்க வேண்டும் என்றானது. இவை இரண்டும் நல்லவைதான். ஆனால் சரக்கறைக்கு நீர்புகாத் தடுப்புச் சுவர் இருந்திருந்தால்தான் அன்று நீர் ஒரு பகுதியோடு நின்றிருக்கும்.