ரீடைமர் போர்டு: லேப்டாப்பில் இருந்து ஓடுகிறது, ஈஈப்ராமில் இருந்து ஏற்றினால் லாக் ஆகவில்லை

கண்ணாடிநார்:

எல்லாருக்கும் வணக்கம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎஸ்250டிஎஃப்810 ரீடைமர் (மங்கி வரும் வேகமான சிக்னலைச் சுத்தம் செய்து மறுபடி அனுப்பும் சிப்) எவால்யுவேஷன் போர்டில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு சேனல், ஒவ்வொன்றிலும் 25.78125 ஜிகாபிட், அதாவது ஒரு 100ஜி ஈத்தர்நெட் போர்ட்டின் போக்கும் வரவும். லேப்டாப்பில் யுஎஸ்பி2எனி அடாப்டரைச் சொருகி, சிக்கான் ஆர்க்கிடெக்ட் மென்பொருளில் ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள்ளே செட்டிங் இருக்கும் இடங்கள்) செட் பண்ணினால் எட்டு சேனலும் லாக் ஆகிறது, அதாவது வரும் சிக்னலின் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது, சிக்னலின் தரத்தைக் காட்டும் கண் படமும் அழகாகத் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் குறையே இல்லை.

திங்கள்கிழமை போர்டை டெம்பரேச்சர் சேம்பருக்குள் வைத்து இரவெல்லாம் ஓட்ட வேண்டும். உள்ளே லேப்டாப் வைக்க முடியாது, நடுவில் கரண்ட் போய் வந்தால் அதுவே எழுந்து நிற்கவும் வேண்டும். அதனால் செட்டிங் எல்லாவற்றையும் ஹெக்ஸ் ஃபைலாகச் சேமித்து, 24சி08 ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் மறக்காத நினைவுச் சிப்) ஒன்றைத் தனி புரோகிராமரில் எழுதி, ஒரு சின்ன டாட் போர்டில் வைத்து, ரீடைமர் போர்டின் எஸ்டிஏ, எஸ்சிஎல் (டேட்டா, கிளாக் லைன்கள்) ஹெடரோடு வயர் இழுத்துச் சேர்த்தேன். ரீடைமர் தானே ஈஈப்ராமைப் படிக்க வேண்டும் என்பதால் எஸ்எம்பஸ் (அந்த இரண்டு லைன் பஸ்) மோடு பின்னை எதிலும் சேர்க்காமல் மிதக்க விட்டாகிவிட்டது, ரீட் எனேபிள் பின் கிரவுண்டில்.

பவர் கொடுத்தால் ஆல் டன் பின் கீழே இறங்குகிறது. அப்படியென்றால் படித்து முடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆனால் ஒரு சேனல்கூட லாக் ஆகவில்லை. இதற்கு முன்னால் கையில் இருந்த 24சி256-லும் முயன்றேன், அதிலும் இதே கதை. எழுதிய ஈஈப்ராமைத் திரும்பப் படித்து ஒப்பிட்டேன், ஃபைலில் இருப்பதும் சிப்பில் இருப்பதும் ஒன்றுதான் என்று புரோகிராமர் சொல்கிறது. எங்கே தேடுவது?

எட்டாம்பிட்:

முதலில் 24சி256-ஐ மறந்துவிடுங்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. 24சி02 முதல் 24சி16 வரை உள்ள சிப்களுக்கு உள் முகவரி ஒரே பைட்டில் போகும், 24சி32-இல் தொடங்கி மேலே உள்ளவற்றுக்கு இரண்டு பைட். ரீடைமர் ஒரு பைட் அனுப்பிவிட்டு உடனே படிக்க ஆரம்பிக்கும். அந்தப் பெரிய சிப் இன்னொரு பைட்டுக்காகக் காத்திருக்கும், படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி எங்கே நிற்கிறது என்பதற்கே உத்தரவாதம் இல்லை. 24சி08 சரியான தேர்வு.

அடுத்தது ஜம்பர். மோடு பின், முகவரிப் பின் இரண்டு, இவை எல்லாம் நான்கு நிலை உள்ளவை, பவர் வரும்போது மட்டும்தான் அவற்றைப் பார்க்கும். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜம்பரை மாற்றிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. முழுதாக அணைத்துப் போட்டீர்களா?

அப்புறம் முகவரி. சிக்கான் காட்டும் ஹெக்ஸ் (16 அடிமான எண்) 30 என்பது எட்டு பிட் கணக்கு, படிக்கவா எழுதவா என்ற பிட்டும் சேர்த்து. அதே சிப் ஏழு பிட் கணக்கில் 18. ஈஈப்ராம் எட்டு பிட்டில் ஏ0, ஏழு பிட்டில் 50. வேறு அடாப்டரில் ஸ்கிரிப்ட் எழுதிச் சரிபார்க்கிறீர்கள் என்றால் இதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுவார்கள்.

கண்ணாடிநார்:

ஜம்பரை மாற்றிய பிறகு ஒவ்வொரு தடவையும் பவரை எடுத்துப் போடுகிறேன். முகவரியும் சரிதான், லோடு ஆன பிறகு அதே யுஎஸ்பி2எனியில் ஹெக்ஸ் 30-இல் ரீடைமர் பதில் சொல்கிறது. ஆனால் ரெஜிஸ்டர்களில் நான் வைத்த மதிப்புகள் இல்லை, சம்பந்தமே இல்லாத எண்கள் இருக்கின்றன. ஈஈப்ராமின் ஆரம்பத்தில் இருப்பது இது:

3ஏ 31 30 30 30 30 30 30 30

இதைத் தாண்டியும் பெரும்பாலும் 30, 31, 46 மாதிரிதான் வருகிறது. புரோகிராமரில் ஃபைலைத் திறந்தபோது சிப்பைவிட ஃபைல் பெரிது என்று ஒரு எச்சரிக்கை வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன். அது முக்கியமா?

பழையசால்டர்:

அதேதான் விஷயம், தம்பி. 3ஏ என்பது ஆஸ்கியில் (எழுத்துகளுக்கான எண் குறியீடு) முக்காற்புள்ளி. 31 என்பது '1' என்ற எழுத்து, 30 என்பது '0' என்ற எழுத்து. இன்டெல் ஹெக்ஸ் ஃபைலின் முதல் வரி முக்காற்புள்ளியில் தொடங்கி 10 0000 00 என்றுதான் போகும்: இந்த வரியில் 16 பைட், முகவரி 0, வகை டேட்டா. நீங்கள் அந்த ஃபைலின் உள்ளடக்கத்தை எழுதவில்லை, அதன் எழுத்துகளையே சிப்பில் எழுதியிருக்கிறீர்கள். புரோகிராமர் அதைப் பைனரி என்று நினைத்துத் திறந்திருக்கிறது, திரும்பப் படித்து ஒப்பிட்டபோதும் அதே தவறான பிம்பத்தோடுதான் ஒப்பிட்டது, அதனால் பொருந்தாமல் என்ன செய்யும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24சி08-இல் 1024 பைட். ஹெக்ஸ் ஃபைலில் ஒரு வரிக்கு 16 பைட் என்றால் 64 வரி. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளி, நீளம், முகவரி, வகை, டேட்டா, செக்சம் எல்லாம் சேர்த்து 43 எழுத்து, வரி முடிவுக்கு இரண்டு, ஆக 45. கடைசியில் முடிவு வரி. மொத்தம் 2,893 பைட். உங்கள் ஃபைல் சைஸ் அதுவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த எச்சரிக்கையும் இதைத்தான் சொன்னது.

புரோகிராமரில் ஃபைலைத் திறக்கும்போது வகையை இன்டெல் ஹெக்ஸ் என்று தேர்ந்தெடுங்கள், அது முடியாவிட்டால் முதலில் பைனரியாக மாற்றுங்கள். மாற்றிய ஃபைல் சரியாக 1024 பைட் இருக்க வேண்டும்.

இப்போது ஆல் டன் ஏன் வந்தது என்பது. இதுதான் ரொம்பப் பேரைக் குழப்புவது. ஈஈப்ராமின் தலைப்புப் பகுதியில் முதல் பைட்டின் மேல் பிட், சிஆர்சி சோதனை (டேட்டா கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது) வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்கிறது. அதற்கு அடுத்த பிட்கள் முகவரி அட்டவணை இருக்கிறதா, ஈஈப்ராம் 256 பைட்டுக்கு மேலா என்பவை, கடைசி நான்கு பிட் எத்தனை சிப் என்பது. 3ஏ-வை பைனரியில் எழுதினால் 0011 1010. மேல் பிட் 0. அதாவது "சோதிக்க வேண்டாம்" என்று முக்காற்புள்ளி சொல்லிவிட்டது! ரீடைமரும் கிடைத்ததை எல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று பின்னை இறக்கியிருக்கிறது. ஆல் டன் வந்தால் படித்து முடித்தது என்றுதான் பொருள், படித்தது சரி என்று பொருள் இல்லை.

அதனால் என் அழுத்தமான வேண்டுகோள்: ஃபைல் உருவாக்கும்போது சிஆர்சியை ஆன் செய்யுங்கள். முதல் பைட் சரியாக இருந்து பின்னால் டேட்டா கெட்டிருந்தால் ஆல் டன் இறங்காது, உடனே தெரிந்துவிடும். எழுத்துகளையே எழுதிய இந்தத் தவறை மட்டும் அது பிடிக்காது, முக்காற்புள்ளி சோதனையையே அணைத்துவிடுகிறது. பெஞ்சில் அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஃபீல்டில் போனால் அதே பழக்கம் தொடரும்.

மின்மினி:

நானும் இதே குடும்பத்துச் சிப்பில் வேலை செய்கிறேன், ஒன்றிரண்டு சேர்க்கிறேன். சொந்த ஸ்கிரிப்ட்டில் ஈஈப்ராமை எழுதினால் பக்க எல்லையைக் கவனியுங்கள்: 24சி08-இல் பக்கம் 16 பைட், எல்லையைத் தாண்டி எழுதினால் அதே பக்கத்தின் ஆரம்பத்துக்குச் சுற்றி வந்து முன்பு எழுதியதை அழித்துவிடும், ஒரு பக்கத்துக்கு 5 மில்லிசெகண்ட் பொறுக்கவும் வேண்டும். எழுத்துத் தடைப் பின் (ரைட் புரொடெக்ட்) மேலே இருந்தால் எழுதியது போல் இருக்கும், எழுதியிருக்காது.

எதைச் சேமிக்கிறோம் என்பதும் முக்கியம். உள்வரும் பக்கத்து ஈக்வலைசர் (கேபிளில் மங்கிய சிக்னலைச் சரிக்கட்டும் பகுதி) தானாகவே பழகிக்கொள்ளும் முறையில் இருந்தால், கேபிளை மாற்றினாலும் லாக் ஆகும்போது மறுபடி தேடிக்கொள்ளும், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வெளியே போகும் பக்கத்தில் உள்ள முன், மெயின், பின் என்ற மூன்று டேப்கள் (அனுப்பும் சிக்னலின் வடிவத்தைத் திருத்தும் அளவுகள்) அப்படி இல்லை, நீங்கள் வைத்ததுதான். சேனலுக்குச் சேனல் டிரேஸ் (போர்டில் உள்ள செம்புக் கோடு) நீளம் வேறுபட்டால் எட்டுக்கும் தனித்தனியாக வைத்துச் சேமியுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பைப் போட்டு இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

லோடு ஆன பிறகு ரீடைமர் ஸ்லேவ் (கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பக்கம்) ஆகிவிடும், எனவே அதே அடாப்டரில் சரிபார்க்கலாம். எஃப்எஃப் ரெஜிஸ்டரில் 01 எழுதி, எஃப்சி-யில் வேண்டிய சேனலின் பிட்டை வைத்து, 78-ஐப் படியுங்கள். பிட் 5 சிக்னல் வருகிறதா என்பது, பிட் 4 லாக். சிக்னல் இருந்து லாக் இல்லை என்றால் ரேட் செட்டிங்கில் தேடுங்கள், சிக்னலே இல்லை என்றால் கேபிளையும் ஏசி கப்ளிங்கையும் (லைனில் தொடராக வரும் கெப்பாசிட்டர்) பாருங்கள்.

கேட்க மறந்தேன், உங்கள் டாட் போர்டு ஈஈப்ராமுக்குப் பவர் எங்கிருந்து?

கண்ணாடிநார்:

சால்டர் அண்ணா, ஃபைல் சைஸ் பார்த்தேன், 2,893. ஒரு பைட் பிசகில்லை. பைனரியாக மாற்றி, சிஆர்சி ஆன் செய்து எழுதினேன், மேசையில் முதல் பவரிலேயே எட்டு சேனலும் லாக். ரொம்ப நன்றி, உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

மின்மினி கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்தது புரிந்தது. ஈஈப்ராமுக்கு 3.3 வோல்ட்டை யுஎஸ்பி2எனியில் இருந்து எடுத்திருந்தேன்! லேப்டாப்பைக் கழற்றினால் ஈஈப்ராமுக்குப் பவரே இல்லை. சேம்பருக்குள் வைத்த பிறகு தெரிந்திருந்தால் ஒரு இரவு போயிருக்கும்.

பழையசால்டர்:

நல்ல வேளை. ரீடைமர் 2.5 வோல்ட் சிப், அதே 2.5-இலிருந்து ஈஈப்ராமுக்கும் கொடுங்கள், அந்த வோல்ட்டேஜில் ஓடும் 24சி08-தானா என்று மட்டும் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சப்ளையில் இரண்டும் எழுந்தால் ரீட் எனேபிளைக் கிரவுண்டில் கட்டலாம். வேறு வேறு சப்ளை என்றால் ஈஈப்ராம் தயாராகும்வரை அந்தப் பின்னை மேலே பிடித்து வைத்து, பிறகு இறக்க வேண்டும்.

புல்-அப்பும் (பஸ் லைனை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) அதே 2.5-க்கே இருக்கட்டும். 3.3-க்கு இழுத்தால் இந்த ரீடைமர் தாங்கும், 5 வோல்ட்டுக்கு இழுக்கும் அடாப்டரைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

மேசையில் சோதிக்கும்போது சிக்கான் திறந்திருந்தால் பவர் போடும் நேரத்தில் அதை மூடிவிடுங்கள். ரீடைமர் மாஸ்டராக ஈஈப்ராமைப் படிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பஸ்ஸில் வேறு மாஸ்டர் பேசக் கூடாது. சேம்பருக்குப் போகும்போது அடாப்டர் கேபிளையே கழற்றிவிடுங்கள், பவர் இல்லாத அடாப்டர் பஸ்ஸில் தொங்கினால் லைனைக் கீழே இழுக்கும்.

தென்றல்25ஜி:

இடையில் ஒரு கேள்வி. ஒரே ஈஈப்ராமில் இரண்டு ரீடைமர் ஓட்ட முடியுமா? எங்கள் கார்டில் இரண்டு இருக்கின்றன.

எட்டாம்பிட்:

முடியும். முதல் சிப்பின் ரீட் எனேபிள் கிரவுண்டுக்கு, அதன் ஆல் டன் இரண்டாவதின் ரீட் எனேபிளுக்கு. ஒன்று படித்து முடித்தால்தான் அடுத்தது தொடங்கும். இரண்டுக்கும் முகவரி வேறாக இருக்க வேண்டும், ஃபைலில் சிப் எண்ணிக்கையும் முகவரி அட்டவணையும் சரியாக வர வேண்டும். எட்டு சேனலுக்கும் தனித்தனி செட்டிங் என்றால் 1024 பைட்டுக்குள் இரண்டு சிப்புக்கும் இடம் போதுகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கண்ணாடிநார்:

2.5-க்கு மாற்றிவிட்டேன். அடாப்டர் இல்லாமல் இருபது தடவை பவரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், இருபதிலும் ஆல் டன் வந்தது, பிட் எரர் டெஸ்டரில் எட்டு சேனலும் லாக். இன்று சாயங்காலமே சேம்பருக்குள் வைத்துவிட்டேன். ஆறாவது சேனலில் மட்டும் பின் டேப்பை இன்னும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது, அந்த டிரேஸ் மற்றதைவிட நீளம். அளவுகள் கைக்கு வந்ததும் தனி இழையில் போடுகிறேன்.