எங்கள் தெருவிழாவுக்கு எல்லோரும் வர வேண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது?

மந்தைவெளிவாசி:
வணக்கம். எங்கள் பகுதியில் தை மாதம் ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் கலைவிழா நடத்துகிறோம். பறை, தெருக்கூத்து, ஒரு கச்சேரி, பிள்ளைகளுக்குக் கதை. போன வருடம் காது கேளாத ஒரு கணவன் மனைவி கூத்துப் பார்க்க வந்தார்கள். கூட வந்த மகளுக்கு ஏழு வயதிருக்கும், அவளுக்குக் காது கேட்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசப் பேச, தான் சிரிக்கக்கூட நேரமில்லாமல் அந்தப் பிள்ளை அப்பா அம்மாவுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். நாற்காலி போடும் பொறுப்பு என்னுடையது, பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் மனதை அறுக்கிறது.

மொத்தச் செலவு மூன்று லட்சம், எல்லாம் வசூல் பணம். குழுவில் சாய்தளம் போட்டால் போதும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

கைப்பேச்சு:
நான் காது கேளாதவன், அம்பத்தூர். முதல் வேலை, பட்ஜெட்டில் சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்குவது, மீதி இருந்தால் பார்க்கலாம் என்று வைத்தால் மீதி இருக்கவே இருக்காது. ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், இல்லையென்றால் கையும் மூளையும் சோர்ந்து பாதி விஷயம் விட்டுப்போகும்.

இந்திய சைகை மொழி, தமிழைக் கையால் காட்டுவது அல்ல, அதற்குத் தனி இலக்கணம் உண்டு. அதனால் கூத்தின் கதையையும் பாட்டுகளையும் இரண்டு வாரம் முன்பே அவர்களிடம் கொடுங்கள். பாட்டு வரிகளைத் திரையில் போடலாம், ஆனால் கட்டியங்காரன் அந்த இடத்திலேயே கட்டி அடிப்பதை யாரும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது, போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் கூத்து வசனத்தில் தடுமாறும். அங்கேதான் மொழிபெயர்ப்பாளர் தேவை. அவரை மேடை ஓரத்திலேயே நிறுத்தி, விளக்கை அணைக்கும் காட்சியிலும் அவர் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி தனியாக ஒரு ஃபோகஸ் லைட் வையுங்கள், அந்தப் பக்கம் இரண்டு வரிசையை எங்களுக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம் அழைப்பு. நோட்டீஸ் அடிப்பதோடு சைகை மொழியில் ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வாட்ஸ்அப்பில் விடுங்கள். எங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி மாதிரிதான். பறைக்கு நாங்கள் கட்டாயம் வருவோம், ஊதிய பலூனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டால் அடி உடம்புக்குள் இறங்கும்.

ஆதம்பாக்கம் அம்மா:
என் பையனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம். அவனுக்குப் பறை பிடிக்கும், சத்தம்தான் பிரச்சினை என்று எல்லோரும் நினைப்பது தவறு. சொல்லாமல் வரும் சத்தம்தான் பிரச்சினை, மைக் திடீரென்று கீச்சிடுவது, நடுவில் வெடி வைப்பது. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, எங்கே சத்தம் கூடும் என்று மேடை, வாசல், கழிப்பறை படங்களோடு ஒரு வாரம் முன்பே போடுங்கள், நாங்கள் தினமும் காட்டித் தயார் செய்வோம். ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். பொன்னாடையும் வரவேற்புரையும் ஏழரை வரை இழுத்தால், கூத்து தொடங்கும்போது என் பிள்ளையின் பொறுமை முடிந்திருக்கும்.

பள்ளிதானே, ஒரு வகுப்பறையைத் திறந்து மின்விசிறி, பாய், குறைந்த வெளிச்சம், அது போதும். போய்விட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று மேடையிலேயே சொல்லுங்கள். போன மார்கழியில் ஒரு அரங்கில் இவன் எழுந்து கைகளை அசைத்து ஆடினான் என்று வெளியே அழைத்துப் போகச் சொன்னார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து மீதிக் கச்சேரியைக் கேட்டோம். உங்கள் தொண்டர்களிடம் இதை முன்பே பேசுங்கள்.

சக்கரத்தில் நான்:
சாய்தளம் வேண்டும்தான், ஆனால் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது சாய்தளம் ஆகாது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அரையடி படிக்கு ஆறடி. கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலமாவது இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், இல்லையென்றால் நான் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல்தான் வருவேன். மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போக மரப்பாதை திறந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது. போடுவதோடு வேலை முடிவதில்லை, இரண்டாம் நாள் காலையிலும் பலகை ஆடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

இடத்தை ஓரமாகத் தனியே ஒதுக்காதீர்கள். வரிசை நடுவே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் என் மனைவி பக்கத்தில் உட்காருவாள். குழுவில் யாராவது தயங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டுங்கள், பண்பாடும் பொழுதுபோக்கும் பற்றியதுதான் அது.

திருவான்மியூர் ரசிகை:
எனக்குப் பார்வை இல்லை. கூத்து தொடங்குமுன் பத்து நிமிடம் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் தொட்டுப் பார்க்க விடுங்கள், யார் எந்த வேஷம் என்று நடிகர்களே தங்கள் குரலில் சொல்லட்டும். அதன் பிறகு குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவேன்.

மந்தைவெளிவாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அலங்கார வளைவையும் சீரியல் விளக்கையும் குறைத்து, மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. பொன்னாடை இந்த வருடம் இல்லை. கழிப்பறைக் கதவை அளந்தேன், 70தான் இருக்கிறது, பள்ளியில் பேச வேண்டும், முடியாவிட்டால் வாடகைக் கழிப்பறைதான். கைப்பேச்சு, ஆதம்பாக்கம் அம்மா, சக்கரத்தில் நான், திருவான்மியூர் ரசிகை, நீங்கள் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை வந்து பார்க்க முடியுமா? ஆட்டோ செலவும் உங்கள் நேரத்துக்கான தொகையும் குழு தரும். கைப்பேச்சுக்காக அன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.