விடைபெற்றுப் போகும் குருவானவர்: நெல்லைச் சேகரங்களிலிருந்து சில அனுபவங்கள்

சேகரப் பொருளாளராக இருந்தவர், வள்ளியூர் பக்கம்

ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதியே சேகரம்; எங்கள் சேகரத்தில் ஏழு சபைகள் உண்டு. குருவானவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வருவது எங்கள் திருமண்டலத்தின், அதாவது பேராயரின் கீழுள்ள திருச்சபைப் பகுதியின், வழக்கம் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் பட்டியல் எப்போது வரும் என்ற பேச்சு கோயில் வாசலில் தொடங்கிவிடும். நான் எழுத விரும்புவது அத்தகைய மாற்றலைப் பற்றியல்ல. எங்களுக்கு இருந்த ஐயர் (குருவானவரை நாங்கள் ஐயர் என்றே அழைப்போம்), மாற்றலுக்குரிய காலம் வருமுன்னரே, தம்மை வடநாட்டு மிஷனெரிப் பணிக்கு அனுப்பும்படி பேராயரிடம் தாமாகவே கேட்டுப் பெற்றுக்கொண்டு போனவர்.

அவர் தாமாகக் கேட்டார் என்பதை ஊர் முதலில் நம்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த திருச்சபைத் தேர்தலில் எங்கள் சேகரம் இரண்டு அணிகளாகப் பிரிந்து, சகோதரர்கள்கூட ஒரே பெஞ்சில் உட்காராத நிலைக்கு வந்திருந்தது. ஐயர் போகிறார் என்ற செய்தி வந்ததும் ஓர் அணியினர் "நாங்கள்தான் தூக்கினோம்" என்று மீசையை முறுக்கினார்கள். மற்ற அணியினர் "நம்முடைய ஐயரை விரட்டிவிட்டார்கள்" என்று பேராயரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்கு வேன் பிடிக்கத் தயாரானார்கள். இரண்டு பேச்சும் ஐயரின் காதுக்கு எட்டின. அவர் சேகரக் கமிட்டியைக் கூட்டி, தாம் எழுதிய விண்ணப்பத்தையும் அதற்கு வந்த பதிலையும் தேதியோடு வாசித்துக் காட்டி, விண்ணப்பம் தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்டது என்பதை மினிட்ஸில் பதியச் சொன்னார். வேன் புறப்படவில்லை.

பிரியாவிடையை எப்படி நடத்த வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். பிளக்ஸ் கூடாது, சால்வை கூடாது, வாழ்த்துரைகள் கூடவே கூடாது என்றார். வாழ்த்துரை என்று மைக்கைக் கொடுத்தால் யார் முதலில் பேசுவது என்பதே ஒரு தேர்தலாகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்குப் பதிலாக ஏழு ஊர்களிலும் திருவிருந்து (நற்கருணை) ஆராதனை நடத்தினார். சபைக்குச் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கையைப் பாக்கி வைத்தவர்கள், கமிட்டியோடு மனவருத்தப்பட்டுக் கோயிலுக்கு வராமலிருந்தவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு, சபையில் தமக்கு உதவியாக இருந்த ஊழியரான உபதேசியாரை மட்டும் அழைத்துக்கொண்டு போய் வந்தார். அந்த வீடுகளில் என்ன பேசினார் என்று உபதேசியாரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் வாய் திறந்ததில்லை.

கடைசி ஞாயிறன்று அவர் எடுத்துக்கொண்ட பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். விடைபெறும் குருவானவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். பவுல் மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களைக் கூட்டி விடைபெறுவதும், அவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் எந்தச் சபையையும் கண்கலங்க வைக்கும். எங்கள் ஐயர் அழுகைப் பகுதிக்குப் போகவே இல்லை. பவுல் அந்த மூப்பர்களை இன்னொரு அப்போஸ்தலரின் கையில் ஒப்படைக்கவில்லை, தேவனிடமும் அவருடைய வசனத்திடமும் ஒப்புவித்தார் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி, "எனக்குப் பின் வருகிறவரை என்னோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர் எனக்கு நண்பர் அல்லர்" என்றார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களில் ஒருவராகி, 1909-இல் குருப்பட்டம் பெற்று நிஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானதை நினைவூட்டினார். ஆட்களை அனுப்பிப் பழகிய மண் இது. இப்போது அழுது தடுக்க வேண்டாம் என்பது அதன் உட்பொருள்.

மோதிரம் போடுவதற்கென்று நாங்கள் பணம் பிரித்திருந்தோம். அவர் அதை வாங்க மறுத்துவிடுவார் என்று நினைத்தோம். மறுக்கவில்லை, ஏழு ஊராருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு போடுங்கள், இரு அணியினரும் சேர்ந்து பரிமாற வேண்டும் என்றார். சமையலுக்கு ஆள் பேசுவதிலேயே இரு தரப்பும் முட்டிக்கொண்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் பந்தி நடந்தது.

மறுநாள் காலை ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகள், காசோலைப் புத்தகம், திருவிருந்துப் பாத்திரங்கள், குருவானவர் குடியிருக்கும் பங்களாவின் சாமான்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பொருளாளன் என்ற முறையில் அந்தக் கையெழுத்துகளே எனக்குப் பெரிய பிரியாவிடை உரையாகத் தோன்றின. அவருக்குப் பின் வந்தவரிடம் ஒரு ரூபாய்க்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குருவானவர் ஒருவரின் மகள், இப்போது சென்னையில்

மேலே எழுதியவர் ஐயரைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார். ஐயரின் மனைவியான ஐயரம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் எனக்கு வியப்பும் இல்லை. என் தந்தை பணிசெய்த எல்லாச் சேகரங்களிலும் பிரியாவிடைக் கூட்டம் நடந்திருக்கிறது. அம்மா அந்த ஊர்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தினார், பிரசவ வீடுகளுக்கும் சாவு வீடுகளுக்கும் இரவென்றும் பகலென்றும் பாராமல் போனார், ஓய்வுநாள் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கூட்டத்தில் அவருக்கு ஒரு சேலை கொடுப்பார்கள், பேசச் சொல்லமாட்டார்கள். சபைகள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அம்மாவை உண்மையில் வழியனுப்பியவர்கள் பெண்கள்தான். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது கருப்பட்டி, புளி, தேங்காய், முருங்கைக்காய் என்று பங்களாத் திண்ணையில் குவியும். போகும் ஊரில் முருங்கைக்காய் கிடைக்காதா என்று என் தந்தை எரிச்சல்படுவார். அம்மா ஒன்றையும் விட்டுவிடாமல் லாரியில் ஏற்றுவார். குழந்தைகளான எங்களுக்கு ஊழிய அழைப்பு என்பதெல்லாம் புரியாது. பள்ளியும் சிநேகிதிகளும் வேப்பமரத்து ஊஞ்சலும் ஒரே நாளில் வேறொரு ஐயரின் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும் என்பது மட்டும் புரியும்.

ஓய்வுபெற்ற குருவானவர், பாளையங்கோட்டை

போவதைக் காட்டிலும் போனபின் திரும்பாமல் இருப்பது கடினம் என்பதை இருவருடைய அனுபவத்தோடும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊரின் சரித்திரமே அதற்குச் சான்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து பெரும் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர், இங்கிலாந்து திருச்சபையின் முறைமைகளைக் குறித்த கருத்து வேறுபாட்டினால் 1835-இல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) சங்கத்தின் பணியிலிருந்து நீக்கப்பட்டு, ஆற்காட்டுக்குப் புறப்பட்டுப் போனார். இங்கிருந்த உபதேசியார்கள் விடாமல் அழைத்ததால் அதே ஆண்டிலேயே திரும்பியும் வந்தார். சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. 1838-இல் அவர் மறைந்த பிறகே அந்தப் பிளவு ஆறத் தொடங்கியது. அவருடைய ஊழியத்தின் அளவையோ, அவரை அழைத்தவர்களின் அன்பையோ நான் குறை சொல்லவில்லை. அன்பினால் அழைக்கப்பட்டுத் திரும்பி வந்தாலும் சபை பிளவுபடக்கூடும் என்பதற்காகவே இதை எடுத்துச் சொல்கிறேன்.

ஆகவே நான் ஒரு சேகரத்தை விட்டுப் புறப்படும் நாளிலேயே அந்தச் சேகரத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிடுவதை வழக்கமாக வைத்திருந்தேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். புதிய குருவானவர் ஆராதனை நேரத்தை அரைமணி முன்னே மாற்றினால், அதைப் பழைய குருவானவரிடம் தொலைபேசியில் முறையிடும் ஆட்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "ஐயரிடமே கேளுங்கள்" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். இளம் குருவானவர்கள் இதை இறையியல் கல்லூரியில் கற்பதைவிட, தமக்கு முன்னிருந்தவர் அடிக்கடி வந்து போகும் ஒரு சேகரத்தில் ஓராண்டு பணிசெய்தால் நன்றாகவே கற்றுக்கொள்வார்கள்.

சபை உறுப்பினர், களக்காடு பக்கம்

ஓய்வுபெற்ற ஐயா எழுதியதை வாசித்ததும் என் தாயாரின் அடக்க ஆராதனை நினைவுக்கு வந்தது. எங்களுக்குத் திருமணமும் என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் நடத்திவைத்தவர் முந்தைய ஐயர். தமது அடக்கத்தையும் அவரே நடத்த வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். நாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது அவர், "உங்கள் ஐயரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். சொல்லவில்லை என்றதும், அவரே எங்கள் ஐயருடன் பேசினார். இருவரும் வந்தார்கள். எங்கள் ஐயர் ஆராதனையை நடத்தினார். பழையவர் அங்கி அணியாமல் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருந்து, கேட்டுக்கொண்டபோது ஒரு ஜெபம் மட்டும் செய்தார். என் அண்ணனுக்கு அது அன்று மிகுந்த மனத்தாங்கலைத் தந்தது. அம்மாவின் கடைசி ஆசையை இப்படிப் பாதியாக்கிவிட்டாரே என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த ஆண்டு அண்ணனின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, அவர் முதலில் போய் நின்றது எங்கள் ஐயர் வீட்டு வாசலில்தான்.