கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடலாமா?

மூலனூரான்:
அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் தாத்தா நட்ட முள்கிளுவை வேலி. இட்டேரி (வேலிகளுக்கு இடையிலான தடம்) பக்கம் முப்பது அடிக்குப் பட்டுப்போய்க் கிடக்கிறது. போன வாரம் அந்தச் சந்தில் நாய்கள் புகுந்து மூன்று ஆடுகளைக் குதறிவிட்டன. பொக்லைன் வைத்து மொத்தத்தையும் பிடுங்கி, கல்கால் நட்டுக் கம்பி இழுத்துவிடு என்கிறார் மச்சான். எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளகோவில் விவசாயி:
கம்பிதான் சரி. ஒரு வாரத்தில் வேலை முடியும். கிளுவை நட்டு அது அடர்ந்து அடைய மூன்று, நான்கு வருடமாவது ஆகும். அதுவரை ஆட்டுக்கு யார் காவல்?

காட்டுக்காரம்மா:
தம்பி, பிடுங்கிவிடாதீர்கள். இது பங்குனி. கிளுவை இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சியாகத்தான் நிற்கும். காகிதம் போல் உரியும் மேல்தோலை நீக்கி நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்து, பிசின் வாசம் வந்தால் உயிர் இருக்கிறது. முதல் மழைக்கே துளிர்த்துவிடும். அந்தத் தழையை ஆடு விரும்பிக் கடிக்கும்.

நான்கு இழைக் கம்பிக்கு அடியில் நாய் படுத்தே நுழைந்துவிடும். என் அண்ணன் காட்டில் கண்ணால் பார்த்தேன். கிளுவையில் ஒவ்வொரு சிறு கிளையின் நுனியும் முள். அடி அடர்ந்திருந்தால் கீரி நுழையும், நாய் நுழையாது. ஆடிக் காற்றையும் அது தடுக்கும், கம்பி தடுக்காது. உங்கள் வேலியைக் கிளை வெட்டிக் கழிக்காமல் விட்டதால்தான் அடி மொட்டையாகியிருக்கும்.

பட்ட இடத்துக்குக் கட்டைவிரல் பருமனில், நெஞ்சு உயரத்துக்குப் போத்து, அதாவது நடுவதற்கான கிளைக்குச்சி, வெட்டுங்கள். நாங்கள் இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு, மழை ஈரத்தில் அரை அடி ஆழத்தில் நடுவோம். நெருக்கமாக, ஒன்றோடொன்று குறுக்கே சாய்த்து நடுங்கள். பக்கக் கிளைகளைப் பின்னிவிடுங்கள். அடையும்வரை வெள்வேல முள்ளை வெட்டி அடைத்தால் போதும். வெள்ளகோவில் தம்பி கேட்ட காவல் அதுதான்.

பச்சைக்கிளுவைப் போத்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் முள் கிடையாது.

மூலனூரான்:
கீறிப் பார்த்தேன் அம்மா. முப்பது அடியில் பத்தடிதான் பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் பச்சை. விரலில் இன்னும் அந்த வாசம் இருக்கிறது. போத்தை இதே வேலியில் வெட்டலாமா?

காட்டுக்காரம்மா:
தாராளமாக. மேல்பக்கம் ஓங்கிப்போனதை வெட்டுங்கள், அடியும் தழையும். இன்றைக்கே அந்தப் பத்தடிக்கு முள் அடைத்துவிடுங்கள்.