வடகடல் ஓரத்துப் பூக்கல்: நீங்களும் பார்த்திருக்கிறீர்களா?

பாம்பனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு நாட்டுப்படகுத் தொழில். விடியற்காலை நல்ல வத்தம், கடல் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. "வா மாப்ள, கல்லு காட்டுறேன்" என்று வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் கூட்டிப்போனார்.

மணலை ஒட்டிச் சாம்பல் நிறப் பாறை. பூக்கல் என்பது இந்தப் பவளக்கல்தான். செருப்போடு நடந்தாலும் குத்தியது. குந்தி உட்கார்ந்து பார்த்தால், மேலெல்லாம் தேனடை போலப் பொடிப்பொடி அறைகள். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் குடியிருந்த இடம். நடுவே ஒரு சிப்பி, வாய் மூடியபடியே கல்லோடு கல்லாகிக் கிடந்தது.

கொஞ்சம் தள்ளி, தோசைக்கல் போல வட்டமாக ஒரு பாறை. மேலே தட்டை, ஓரம் மட்டும் லேசாகத் தூக்கல். "அலை தேய்ச்சது" என்றார் மச்சான். இல்லை, அது வளர்ந்ததே அப்படித்தான். வத்தத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்குமோ அதுவரைக்கும்தான் பவளம் மேலே வளரும். அதைத் தாண்டினால் வெயிலில் உச்சி செத்துவிடும், பக்கவாட்டில் மட்டும் பரவும். அந்தத் தட்டைதான் அன்றைய வத்தத்தின் கடல் மட்டம்! இன்றைக்கு அது வத்தத்தில் முழங்கால் உயரம் வெளியே நிற்கிறது. இங்குள்ள பவளப் பாறைகளை ஆராய்ந்து ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை என்ற பவள ஆய்வாளர்கள் 1972இல் எழுதினார்கள். ரேடியோ கார்பன் கணக்கில் வயது சுமார் 4000 ஆண்டு.

உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே பார்த்தீர்கள்? வாசகர்கள் இருவர் எழுதிய பதில் கீழே.

*

மண்டபத்தில் எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரே இந்தக் கல்தான். பூச்சு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும். கொத்தனார் செதுக்கியது என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அந்தப் பூச்சுச் சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். இப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போயின. 2001இலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். வீட்டை இடித்தபோது அந்தக் கற்களைப் பள்ளம் நிரப்ப லாரியில் ஏற்றிவிட்டார்கள். அன்று நான் ஊரில் இல்லை. இன்னும் ஆறவில்லை.

*

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் மாதா கோவில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எல்லாம் பவளக்கல். நாங்கள் போன அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத்தில் மூளைப் பவளத்தின் வளைவுகள் பளிச்சென்று தெரிந்தன. என் மகள் ஒரு வளைவில் விரலை வைத்து, வெளியே வர வழி தேடிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்துவிட்டது, அவள் விரலை எடுக்கவில்லை.