இறந்தவன் படம் சிறியது, தலைவர் படம் பெரியது: பேனர் அடிக்கலாமா?

செந்தூல் அச்சகம்:

கோலாலம்பூர் செந்தூலில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தேர்தல் எல்லாம் என் இயந்திரத்தில் ஓடியிருக்கின்றன. போன வாரம் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் போலீஸ் லாக்கப்பில் இறந்துபோனான். வரும் ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்திக் கூட்டம். செய்தி வந்த மறுநாள் காலை கடை திறப்பதற்குள் மூன்று ஆர்டர்கள்: ஒரு கட்சியின் கிளை, அதற்கு நேர் எதிரான கட்சியின் கிளை, ஓர் இளைஞர் இயக்கம். மூன்றிலும் வாசகம் ஒன்றுதான்: ‘நீதி வேண்டும்’.

தலைவரின் படத்தைச் செயலாளர் அனுப்பினார். ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னணி நீக்கியது. கைகூப்பிச் சிரிப்பது ஒன்று, முகம் இறுகியிருப்பது ஒன்று. இந்த நிகழ்ச்சிக்கு இறுகிய முகத்தைப் போடச் சொன்னார். பையனின் படமோ அடையாள அட்டையைக் கைப்பேசியில் பிடித்தது. பிளாஸ்டிக்கின்மேல் விளக்கு வெளிச்சம் விழுந்து நெற்றியே இல்லை. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதைச் செயலாளரிடம் சொன்னேன். “அப்படியானால் அதைச் சிறியதாகவே போடுங்கள், எங்கள் ஒய்.பி. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள்” என்றார். ஒய்.பி. என்றால் மக்கள் பிரதிநிதி, அவர்கள் தலைவர்தான்.

சதுர அடிக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று எனக்கும் இதில் வருமானம் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: இவர்களில் யாருக்காவது அந்தப் பையனுக்காக உண்மையிலேயே வயிறு எரிகிறதா? எரியவில்லை என்று தெரிந்தும் அடித்துக் கொடுப்பது சரியா? “மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டா கல்யாணப் பேனர் அடிக்கிறீர்கள்?” என்கிறாள் என் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜாலான் ஈப்போ:

பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். எங்கள் கடைக்கு 2018 தேர்தல் பாக்கியே இன்னும் வரவில்லை.

பழைய குமாஸ்தா, ஷா ஆலாம்:

தம்பி, வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தூக்கியே தலை நரைத்தவன் நான். உங்கள் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு வயிறு எரிகிறது என்று எந்தக் கருவியை வைத்து அளப்பீர்கள்?

2009 ஜனவரி 20. சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் குகன் இறந்தார். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றது. உறவினர்களோடு அரசியல்வாதிகளும் சவக்கிடங்குக்குள் நுழைந்தார்கள். உடம்பெல்லாம் இருந்த காயங்கள் படமாக வெளியே வந்தன. நுழைந்தவர்களில் யார் மனம் பதறிப் போனார், யார் அடுத்த தேர்தலை நினைத்துப் போனார் என்பதைப் பற்றி எனக்கு இன்றுவரை கவலை இல்லை. அந்தச் சத்தம் எழுந்த பிறகுதான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடி விழுந்து தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்தது என்று அது சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் தாயாருக்கு 801,700 வெள்ளி இழப்பீடு வழங்கியது. குற்றவியல் வழக்கு மட்டும் ஒரே ஒரு கான்ஸ்டபிளோடு நின்றுவிட்டது. காயம் விளைவித்ததற்கு 3 ஆண்டுச் சிறை. கொலைக் குற்றச்சாட்டு யார்மீதும் இல்லை.

மெழுகுவர்த்தி பிடிப்பவரைச் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடம் மாறிச் சந்தேகப்படுகிறீர்கள். போலீஸ்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று துன் ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005லேயே பரிந்துரைத்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அதற்காகத் தொண்டை வற்றக் கத்தியவர்கள் 2018இல் ஆட்சிக்கு வந்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்தார்கள், நிறைவேற்றுவதற்குள் 2020இல் ஆட்சி போனது. பிறகு 2022இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. உங்கள் ஒய்.பி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். அப்போது அவர் முகம் இறுகுகிறதா என்று பாருங்கள்.

பந்தாய் டாலாம் மாணவி:

ஐயா சொல்வது சரிதான். ஆனால் அரசியல்வாதிகளை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறோம்? 2020 மே 25 அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதைக் கைப்பேசியில் பிடித்தாள். ஜூன் 2ஆம் தேதி என் வகுப்பில் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டார்கள். நானும் போட்டேன். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 1ஆம் தேதி, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் கோவிட் தொற்றுக்காக முள்வேலி போட்டு அடைத்திருந்த அடுக்குமாடிகளின் சுற்றுவட்டாரத்தில் குடிநுழைவுத் துறை நுழைந்து நூற்றுக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்கு எங்கள் வகுப்பில் ஒரு சதுரமும் இல்லை. நல்ல வேலை செய்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு.

இன்னொன்று. ஃபிளாய்ட் வழக்கில் 2021 ஏப்ரல் 20 தீர்ப்பு வந்தபோது எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே கொண்டாட்டம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் செலாயாங் மருத்துவமனையில் பால் வியாபாரி கணபதி இறந்திருந்தார். கோம்பாக் போலீஸ் காவலில் இருந்து மருத்துவமனைக்குப் போனவர், நாற்பது வயது. அந்தப் பெயர் எங்கள் குழுவுக்கு வர நாளாயிற்று. வந்தபோது முதல் கேள்வி, “எதற்காகப் பிடித்தார்களாம்?” ஃபிளாய்டை எதற்காகப் பிடித்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பட்டர்வொர்த் அக்கா:

என் தம்பி லாக்கப்பில் இறந்தான். எந்த நிலையம், எந்த ஆண்டு என்று எழுதப்போவதில்லை.

அன்று சாயங்காலமே எரித்துவிட வேண்டும் என்றார் அப்பா. அம்மா தாங்கமாட்டாள் என்பது அவர் கவலை. அப்போது ஒரு கட்சிக்காரர் வந்தார். கூடவே படம் பிடிக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாலை போட்டார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு அப்பாவை ஓரமாக அழைத்து, “ஐயா, எரித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது பரிசோதனை கேளுங்கள். வழக்கறிஞரை நான் அனுப்புகிறேன்” என்றார். அதை எங்களுக்குச் சொல்ல அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவர்கூட இல்லை. மனம் நொந்து அழுத சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் அழுகை பொய் இல்லை. ஆனால் எல்லாரும், “சீக்கிரம் முடித்துவிடுங்கள்” என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாளே, “பையன் யாரோடு சேர்ந்திருந்தான்?” என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

வழக்கறிஞர் வந்தார், ஒரு காசு வாங்கவில்லை. மரண விசாரணை ஒத்திவைத்து ஒத்திவைத்து இழுத்தது. கட்சிக்காரர் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த தேர்தலில் அவருடைய துண்டறிக்கை எங்கள் தபால் பெட்டிக்கே வந்தது. அதில் அம்மா தலைவிரித்து அழும் படம். எங்களிடம் கேட்கவில்லை. அதை முதலில் எடுத்துப் பார்த்தது அம்மாதான்.

அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்பீர்கள். அப்பா போட்டார். நான் போடவில்லை. இரண்டு பேருமே சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அண்ணா, பேனர் அடியுங்கள். ஆனால் அந்தத் தாயாரிடம் எந்தப் படம் போடலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செந்தூல் அச்சகம்:

அக்கா சொன்னபடி நேற்று போய்க் கேட்டேன். அந்தம்மாளுக்குப் படத்தைப் பற்றிப் பேசும் நிலை இல்லை. மூத்த மகள்தான் பேசினாள். “எங்கள் கல்யாணப் பேனர் நீங்கள்தானே அடித்தீர்கள்?” என்றாள். கடைக்கு வந்து பழைய கோப்புகளில் தேடினேன், இருந்தது. குடும்பப் படத்தின் ஓரத்தில், புதுச் சட்டையில், தெளிவாக நிற்கிறான். பத்தடிக்குப் பெரிதாக்கினாலும் உடையாது. மகளிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

குமாஸ்தா ஐயா, சத்தம் போடுபவன் எதற்காகப் போட்டால் என்ன என்கிறீர்கள், சரி. ஆனால் அந்தச் சத்தத்தில் யார் முகம் எவ்வளவு பெரியது என்பது என் கடையில் முடிவாகிறது. அதை மட்டுமாவது நான் முடிவு செய்துகொள்கிறேனே. மூன்று பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: பையன் படம் நடுவில், பெரியதாக. தலைவர் படம் வேண்டுமானால் கீழே, மூலையில், கட்சிச் சின்னத்தின் அளவுக்கு. விலையில் மாற்றம் இல்லை.

இளைஞர் இயக்கம் உடனே சரி என்றது. ஒரு கிளை, தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, இரவு பதினொரு மணிக்கு ஒப்புக்கொண்டது. மற்றொரு கிளை பத்துமலைப் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டது, எனக்குத் தர வேண்டிய பழைய பாக்கி நானூறு வெள்ளியோடு.