"சிஜில பாத்துக்கலாம்": விஎஃப்எக்ஸ் (கிராஃபிக்ஸ்) சூப்பர்வைசராக செட்டில் நின்றவர்கள், பக்கத்தில் நின்றவர்கள் எழுதுங்கள்

பச்சைமேட்

நானே ஆரம்பிக்கிறேன். ஈசிஆர் பக்கம் நைட் ஷூட். பஸ் கவிழும் ஷாட், பஸ் முழுக்க சிஜி, கம்ப்யூட்டரில் செய்வது. கேமராமேன் தெருவின் இரண்டு முனையிலும் கிரேனில் பெரிய லைட் ஏற்றியிருந்தார். நடுவில் டீக்கடை ட்யூப்லைட்டை அப்படியே விட்டுவிட்டார். அதுதான் அழகே.

டேக் ஓகே ஆனதும் குரோம் பந்தையும் கிரே பந்தையும் தூக்கிக்கொண்டு பஸ் விழ வேண்டிய இடத்துக்கு ஓடினேன். எச்டிஆர்ஐ (சிஜி பஸ்ஸுக்கும் அதே வெளிச்சம் போடத் தேவையான படம்) எடுக்க இரண்டு நிமிடம் போதும். அதற்குள் யாரோ "பேக்கப்" என்று கத்த, ஒரு முனை லைட் அணைந்துவிட்டது. விடியப்போகிற நேரம், எல்லாருக்கும் பேட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அவசரம். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கிரேன் அடியில் இருந்த வயதான லைட்மேன் ஒருவர்தான், "டேய், பந்துக்காரர் இன்னும் முடிக்கல, இறக்காதீங்கடா" என்று சத்தம் போட்டார். அணைந்த லைட்டையும் மறுபடி போட வைத்தார். அது பழைய வெளிச்சத்துக்கு வரும்வரை மொத்த யூனிட்டும் என்னை முறைத்துக்கொண்டு நின்றது. முடிந்ததும் அவர் கேட்டார்: "லைட்டத்தான படம் புடிக்கிறீங்க?" அவ்வளவுதான் விஷயம். எத்தனையோ ஏடிகளுக்கு (அசிஸ்டென்ட் டைரக்டர்கள்) ஸ்லைடு போட்டு விளக்கியும் ஏறாதது அது.

மறுநாள் ஓவர்டைம் கணக்கு வந்தது. லைட்டை அணைக்காமல் வைக்கச் சொன்னது நான், என் வேலைக்காகத்தான் என்று எழுதியே கொடுத்தேன். அடுத்த ஷெட்யூலில் அவர் யூனிட்டில் இல்லை. கேட்டதற்கு "வேற படம் போயிட்டார்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

டென்னிஸ்பந்து

என்னுடையது புலி சீன். நிஜப் புலியை வைத்து எடுக்க முடியாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசின் 1998 அறிவிக்கையிலேயே புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு எல்லாம் தடைப் பட்டியலுக்குப் போய்விட்டன. 2011ல் காளையும் சேர்ந்தது. சிஜி புலிக்கும் விலங்குகள் நல வாரியத்துக்குக் காகிதம் போக வேண்டும். (வாரியம் திருவான்மியூரில் இருந்தவரை ஆட்டோவில் போய் வந்தோம். 2018ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. அது தனிப் புலம்பல்.)

புலியின் கண் இருக்கும் இடத்தைக் காட்ட வழக்கம்போல கம்பு நுனியில் டென்னிஸ் பந்து. ஹீரோ அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "புலி கோவத்துல இருக்கா, பசியில இருக்கா?" என்றார். நியாயமான கேள்வி. டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கதாசிரியரும் என்னைத்தான் பார்த்தார். "பசி இல்ல சார், குட்டி பக்கத்துல இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்ப நீங்களே காட்டுங்க" என்றார்.

நல்ல வெயில். சரளைக்கல் தரையில் கையையும் முட்டியையும் ஊன்றி இறங்கினேன். யூனிட்டில் சிரிக்காத ஆள் இல்லை, அவர் ஒருவரைத் தவிர. என் கண்ணைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் போனார், உதடு நடுங்கியது. அந்தச் சில விநாடிகள் நான் நிஜமாகவே புலிதான். டேக் முடிந்து யாரும் கை தட்டவில்லை. டீ வந்துவிட்டது.

எடிட்டில் உட்கார்ந்த பிறகு டைரக்டருக்குப் புலி பாறை மேல் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தரையில் நிற்கும் புலியின் தோள் மூன்றடி உயரம். பாறையில் ஏற்றினால் ஹீரோ பார்ப்பது அதன் கண்ணை அல்ல, பாறையை. கருவிழியை ஃப்ரேம் ஃப்ரேமாக மேலே நகர்த்தினோம். நகர்த்தினால் பயம் போய்விட்டது, யோசிக்கிற முகம் வந்தது. யாரும் கவனிக்கவில்லை என்கிறார்கள். டிவியில் அந்தப் படம் வந்தால் அந்த இடத்தில் நான் சேனல் மாற்றிவிடுவேன்.

ரோட்டோ_ராத்திரி

பச்சைமேட் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு லைட் போட்டுத் தர ஒருவர் இருந்தார். ஸ்டுடியோவுக்குள் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? செட்டில் போன இரண்டு நிமிடம் எங்களிடம் வரும்போது இரண்டு ராத்திரி ஆகிவிடுகிறது. காற்றில் முடி பறக்கும் குளோஸப் ஒன்று, பின்னால் பச்சை மேட்டே (பின்னணியை நீக்கக் கட்டும் பச்சைத் துணி) இல்லை, வெறும் தென்னந்தோப்பு. 10 விநாடி என்றால் 240 ஃப்ரேம், இரண்டு பக்கமும் எட்டு எட்டு ஃப்ரேம் ஹேண்டில், எடிட்டுக்காகக் கூடுதலாக. ஒவ்வொரு இழையாகப் பிரித்து முடித்த அன்று காலை "ஷாட் ஓமிட்" என்று மெயில், அந்த ஷாட்டே படத்தில் இல்லையாம். சூப்பர்வைசர் என் சீட்டுக்கு வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார். என் கதை அவ்வளவுதான்.

சரி, செட்டுக்குப் போகிற தம்பிகளுக்காக நாலு விஷயம். மேட்டிலிருந்து ஆளைக் குறைந்தது பத்தடி தள்ளி நிறுத்துங்கள், இல்லையென்றால் கன்னத்தில் பச்சை ஏறிவிடும். மேட்டுக்குத் தனி லைட், ஆளுக்குத் தனி லைட். மேட்டில் சுருக்கம் வேண்டாம். சென்ஸாரில் நாலு பிக்சலுக்கு இரண்டு பச்சை, அதனால்தான் பச்சை மேட் சுத்தமாகக் கீ ஆகிறது (நிறத்தை வைத்துப் பின்னணி பிரிகிறது), அதற்காக எல்லாவற்றுக்கும் பச்சையா? நைட் சீனுக்கு நீலம் கேளுங்கள், ஸ்பில் (ஆள் மேல் படியும் மேட் நிறம்) இருட்டோடு கலந்துவிடும். காஸ்ட்யூமரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், கிளிப்பச்சைப் பட்டுப் புடவை வந்து நின்ற பிறகு மேட்டை மாற்ற ஆள் தேடாதீர்கள். லென்ஸ் என்ன, கேமரா உயரம் என்ன, சாய்வு என்ன, ஆள் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பேப்பரில் எழுதுங்கள், போன் சார்ஜ் போய்விடும். லென்ஸ் கிரிட் (லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்று பார்க்கக் கட்டம் போட்ட அட்டையை எடுக்கும் ஷாட்) எடுக்காமல் கேமராவை வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். க்ளீன் ப்ளேட் (ஆள் இல்லாத காலி ஷாட்) எடுக்காமல் ஸ்பாட்டை விட்டு நகராதீர்கள், கிரேன் ஷாட் என்றாலும் அதே வேகத்தில் ஒருமுறை வெறும் ஃப்ரேமாக ஓட்டச் சொல்லுங்கள். மேட்டில் மார்க்கர் (கேமரா அசைவைப் பிடிக்க ஒட்டும் குறி) ஒட்டவே ஒட்டாதீர்கள், அதை அழிக்கிறவன் நான்தான்.

ஃபோகஸ்_மாறிடுச்சு

இங்கே யாரும் டிப்ஸ் கேட்கவில்லையே? மற்றதெல்லாம் இருக்கட்டும், கடைசி வரி தப்பு. வெறும் மேட்டுக்கு முன்னால் ஹேண்ட்ஹெல்ட் ஷாட் எடுத்தால் மேட்ச்மூவ்காரன் (கேமரா அசைவை சிஜிக்குள் கொண்டுவருகிறவன்) எதைப் பிடித்து ட்ராக் பண்ணுவான்? மேட்டைவிடக் கொஞ்சம் வெளிறிய பச்சையில் ஒட்டினால் போதும், முடிக்குப் பின்னால் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டவே கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லாதீர்கள். நேராக எங்களிடம்தான் வந்து விழுகிறது.

மூணாவது_ஏடி

டைரக்ஷன் டிபார்ட்மென்ட் பக்கமிருந்து. 'பேக்கப்' என்று கத்துகிறவன் பெரும்பாலும் என்னை மாதிரி ஆள்தான், எங்களைக் கத்தச் சொல்கிறவர் வேறு ஒருவர். சாயங்கால ஷாட்டுக்குக் க்ளீன் ப்ளேட் கேட்கும்போது அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் காத்திருக்காது.

எனக்கு நினைவில் நிற்பது சூப்பர்வைசர் இல்லை, ஒரு ஃபைட்டர். மாடியிலிருந்து ரோப்பில் குதித்து, தூசி பறக்க உருண்டு எழுந்து, அப்படியே ஓடும் ஷாட். ஹீரோவுக்கு டூப். இரண்டாவது டேக்கில் தோளில் அடி, மூன்றாவதுதான் ஓகே ஆனது. பிறகு ரோப்பை அழித்து, அவர் முகத்தில் ஹீரோவின் முகத்தை ஏற்றினார்கள். வேலை சுத்தம், நானே ஏமாந்தேன்.

டிஐ (படத்தின் கலர் கரெக்ஷன்) நடந்தபோது வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவரை உள்ளே கூட்டிப் போய் ஷாட்டைக் காட்டினோம். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். எங்கள் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் உற்சாகமாக எங்கே தைத்தார்கள், கழுத்தில் எப்படி நிறம் சேர்த்தார்கள் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். ஃபைட்டர் திரையைவிட்டுக் கண் எடுக்காமல், "கால் என்னுதுதானே சார்?" என்றார். சூப்பர்வைசருக்கு வாய் அடைத்துவிட்டது. "ஆமாண்ணே, கால் உங்களோடதுதான், கையும்" என்று நான்தான் சொன்னேன். "கை தெரியல, சட்ட மூடிருக்கு" என்றார். அப்புறம் எல்லாருக்கும் டீ சொன்னார், காசும் அவரே கொடுத்தார்.

ரோட்டோ_ராத்திரி

ஏடி சார், அந்த உருளும் இடத்தில் பறக்கிற தூசி செட்டில் அடித்ததா, இல்லை பிறகு சேர்த்ததா? முகத்துக்கு முன்னால் நிஜத் தூசி இருந்தால் அதைப் பிரித்தெடுக்கிற ஆள் பாவம். ஃபோகஸ், மார்க்கர் பற்றிக் காலையில் வந்து பதில் சொல்கிறேன், இப்போது டெலிவரி.

மூணாவது_ஏடி

செட்டில் அடித்ததுதான். மூட்டை மூட்டையாக.